உறையின் பின்பக்கம்: ராக் ஆல்பங்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி, எந்த ஆல்பத்தை வாங்கலாம் என்று கேட்கின்றன. மீதி, ராக் குழுக்களில் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கின்றன. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். யார் எதை வாசித்தார் என்று தெரிந்துகொண்டு ஒரு தட்டை வாங்கினால், காது கூடுதலாக இரண்டு வாத்தியங்களையாவது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ராக் கேட்கத் தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. பெண்கள் பாடுவதோடு நிற்காமல் வாத்தியமும் வாசிக்கிற குழுக்களின் ஆல்பங்களை வாங்க ஆசை. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இறக்குமதியாகும் புதிய எல்பி (வினைல் தட்டு) ஒன்று இப்போது பெரும்பாலும் 2,500 முதல் 4,000 ரூபாய் வரை போகிறது. எல்லாப் பணத்தையும் எல்பியில் போட்டால் மூன்று தட்டோடு கதை முடிந்துவிடும். இரண்டை எல்பியாக வாங்குங்கள். மற்றவற்றைச் சிடியாகவோ ஃப்ளாக் கோப்பாகவோ (தரம் குறையாத டிஜிட்டல் கோப்பு) வாங்கினால் ஐந்தாறு ஆல்பம் தேறும்.

முதல் எல்பி, ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977). எங்கும் கிடைக்கும், பதிப்பும் பொதுவாக நன்றாக இருக்கும். ஐந்து பேர் குழுவில் இரண்டு பெண்கள், இருவருக்கும் வேறு வேறு வேலை. ஸ்டீவி நிக்ஸ் பாடகி, பாடலாசிரியர். கிறிஸ்டின் மெக்வீ கீபோர்டு வாசித்தவர், பாடியவர், எழுதியவர். 'டோன்ட் ஸ்டாப்', 'சாங்பேர்ட்', 'யூ மேக் லவிங் ஃபன்', 'ஓ டாடி' நான்கும் அவர் ஒருவரே எழுதியவை. பலருக்கு அவர் இன்னும் "அந்தக் குழுவின் இன்னொரு பாடகி"தான். 'யூ மேக் லவிங் ஃபன்' தொடங்கியதும் குரலை விட்டுவிட்டு, கிட்டார் போலக் கொறித்துக்கொண்டு ஓடும் அந்தக் கிளாவினெட்டை (ஒரு வகை மின் கீபோர்டு) மட்டும் கேளுங்கள். அது அவர் கை. பாட்டின் நடையே அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, த பிரீடர்ஸ் குழுவின் 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' (1993). கிம் டீல் கிட்டார், பாட்டு. அவருடைய இரட்டைச் சகோதரி கெல்லி டீல் கிட்டார். ஜோசஃபின் விக்ஸ் பேஸ் கிட்டார். ஜிம் மெக்ஃபெர்சன் டிரம்ஸ். 'கேனன்பால்' பாட்டின் தொடக்கத்தில் பேஸ் தனியாக வரும்போது அதன் கடைசி ஸ்வரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிட்டார் சேர்ந்ததும் அந்த ஸ்வரம் மாறிவிடும். ஒத்திகையில் விக்ஸ் தவறான இடத்தில் விரல் வைத்தது எல்லோருக்கும் பிடித்துப்போய், அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மிச்சப் பணத்துக்கு: ஸ்லீட்டர்-கின்னி குழுவின் 'டிக் மீ அவுட்' (1997), டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெய்ன் இன் லைட்' (1980), கோ-கோஸ் குழுவின் 'பியூட்டி அண்ட் த பீட்' (1981). கடைசியாகச் சொன்னதில் ஐந்து பேரும் பெண்கள். பாட்டு எழுதியதும் வாசித்ததும் அவர்களே. அப்படிப்பட்ட பெண்கள் குழு ஒன்று அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் முறை. 1982இல் ஆறு வாரம் அங்கேயே இருந்தது. பளபளப்பான பாப் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜினா ஷாக்கின் டிரம்ஸ் அந்தத் தட்டை முதலிலிருந்து கடைசி வரை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது.

புதியதாக ஒன்று வேண்டுமென்றால் த லாஸ்ட் டின்னர் பார்ட்டியின் முதல் ஆல்பம் 'பிரிலூட் டு எக்ஸ்டசி' (2024). எமிலி ராபர்ட்ஸ் லீட் கிட்டாரும் புல்லாங்குழலும் வாசிக்கிறார். ராக் குழுவில் பெண் கையில் லீட் கிட்டார் இருப்பதை இன்றும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: பெண்கள் இருக்கும் குழுக்களில் அவர்கள் பெரும்பாலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறார்களே, ஏன்? நான்கு கம்பிதான், சுலபம் என்பதாலா? (வாசகி, மதுரை)

பதில்: சுலபம் என்ற காரணம் நிற்காது. பேஸின் கம்பிகள் தடிமன், கழுத்திலுள்ள ஃப்ரெட் கட்டைகளுக்கு இடையே தூரமும் அதிகம். உடல் உழைப்பு என்று பார்த்தால் கிட்டாரைவிடக் கூடுதல்.

உண்மையான காரணம் காலியிடம். ஒரு ஊரில் பத்துப் பையன்கள் சேர்ந்தால் எட்டுப் பேருக்கு லீட் கிட்டார்தான் வேண்டும். பேஸுக்கு ஆள் கிடைக்காது. அந்த இடத்துக்குத் தோழி, தங்கை, வகுப்பில் கூடப் படிப்பவள் என்று யாரையாவது கேட்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மேரி ஆன் கிளாசன் 1999இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதையேதான் பேசுகிறது: பேஸ் பெண்களுக்கு உள்ளே நுழைய வாசலாக இருந்தது, அதே வேளையில் "பின்னால் நின்று தாங்கிப்பிடிப்பது பெண்ணுக்குப் பொருந்தும்" என்ற பழைய எண்ணத்தையும் அது உறுதிப்படுத்தியது. இரண்டும் சேர்ந்தேதான் நடந்தன.

டாக்கிங் ஹெட்ஸின் டீனா வேமவுத் பேஸைக் கையில் எடுத்ததே அந்தக் குழுவுக்காகத்தான். கோ-கோஸின் கேத்தி வேலண்டைன் கிட்டார்காரர்; பேஸ் இடம் காலியானதும் சில நாளில் பாட்டுகளைக் கற்றுக்கொண்டு மேடை ஏறினார். கரோல் கேயும் கிட்டாரிலிருந்து வந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் 1963இல் ஒரு பதிவுக்குப் பேஸ் வாசிப்பவர் வராமல் போக, இவர் வாத்தியத்தை எடுத்தார். பிறகு அந்நகரத்தில் மிக அதிகமாக அழைக்கப்பட்ட பேஸ் கலைஞர்களில் ஒருவரானார். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) ஆல்பத்திலும் அவர் வாசிப்பு உண்டு. ஆனால் அன்றைய உறைகளில் ஸ்டுடியோ கலைஞர்களின் பெயர்களைப் போடும் வழக்கமில்லை. உறையைப் படித்து மட்டும் இவரைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கேயின் அந்தத் தெளிவான, சட்டென்று நிற்கும் ஒலியை வீட்டிலேயே வரவழைக்கலாம். ஃப்ளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பி போடுங்கள். கெட்டியான பிக் எடுத்துக்கொள்ளுங்கள். தையல் கடையில் கிடைக்கும் ஃபெல்ட் துணியில் ஒரு பட்டை வெட்டி, பிரிட்ஜுக்கு (உடல் பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) சற்று முன்னால் கம்பிகளின் மேல் படும்படி ஒட்டுங்கள். தாளம் விழும் இடத்தில் பிக் கீழ்நோக்கி, இடைவெளியில் மேல்நோக்கி. ஸ்வரமே கேட்காமல் 'டப் டப்' என்று மட்டும் வந்தால் துணி அதிகமாக அழுத்துகிறது. பாதியாக மடித்திருந்தால் மடிப்பைப் பிரித்து ஒற்றை அடுக்காக்குங்கள்.

கை சிறியதென்று தயங்குபவர்களுக்கு கம்பி நீளம் குறைந்த 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது; வழக்கமானது 34 அங்குலம். வேமவுத் வாசித்த ஃபெண்டர் மஸ்டாங், ஹாஃப்னர் கிளப் இரண்டும் ஷார்ட் ஸ்கேல்தான். அதற்காக 34 அங்குலம் பெண்களுக்கு ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டெட்ராய்டிலிருந்து வந்த சூசி குவாட்ரோ முழு நீள ஃபெண்டர் பிரிசிஷனைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்று பாடினார். 1973இல் பிரிட்டனில் முதலிடமும் பிடித்தார்.

கேள்வி: வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் ஏன் மற்ற ராக் ஆல்பங்களைப் போல இல்லை? சிம்பலே கேட்கவில்லையே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: மோ டக்கர் நின்றுகொண்டே வாசித்தார். பேஸ் டிரம்மைப் படுக்கவைத்து, தலையில் பஞ்சுருண்டை வைத்த மேலட்டுகளால் மேலிருந்து அடிப்பார். காலால் மிதிக்கும் பெடல் இல்லாததால் காலும் கையும் வேறு வேறு தாளம் போடும் வழக்கமான ராக் நடை அங்கே இல்லை. சிம்பலை மிகக் குறைவாகவே தொட்டார். நைஜீரியக் கலைஞர் பாபதுண்டே ஒலதுஞ்சியின் பறையொலியும் போ டிட்லியின் தாளமும் அவருக்குப் பிடித்தவை. அந்த ஓயாத ஒரே அடி அங்கிருந்து வருகிறது.

சிம்பல் இல்லாததால் ஒலியின் மேல்பகுதி காலியாகக் கிடக்கும். ஜான் கேலின் வயோலா கிறீச்சிடுவதற்கும் கிட்டார்களின் இரைச்சலுக்கும் அந்த இடம் கிடைத்தது. வேறொரு டிரம்மர் அங்கே சிம்பலை உடைத்துக்கொண்டிருந்தால் அந்த ஆல்பமே குழம்பிப்போயிருக்கும் என்பது எங்கள் கருத்து. 'ஹெராயின்' பாட்டில் இரைச்சல் உச்சத்துக்குப் போகும்போது டிரம் கொஞ்ச நேரம் நின்றுவிடும். மற்றவர்கள் வாசிப்பது கேட்காமல் போனதால் நிறுத்தியதாக அவரே பின்னாளில் சொன்னார். உங்கள் தட்டில் கோளாறு எதுவும் இல்லை.

கேள்வி: புதிதாக வாங்கிய 'ரூமர்ஸ்' எல்பியில் 'சாங்பேர்ட்' பாட்டின் பியானோ அலைகிறது. வேறொரு பாட்டில் 'டிக் டிக்' என்று சத்தம். தட்டைத் திருப்பித் தரலாமா, என் பிளேயரில்தான் கோளாறா? (வாசகர், சென்னை)

பதில்: கடைக்காரரிடம் போவதற்கு முன் கடிகாரத்தை எடுங்கள். 33⅓ சுழற்சியில் தட்டு ஒரு சுற்று வர 1.8 நொடி, 45இல் ஏறக்குறைய 1.33 நொடி. 'டிக்' சத்தம் சரியாக 1.8 நொடிக்கு ஒருமுறை வந்தால் தட்டின் ஒரே இடத்தில் கீறலோ தூசோ இருக்கிறது. தாறுமாறாக வந்தால் நிலைமின்சாரம் அல்லது காகிதத் துகள். புதுத் தட்டுகளில் உள்ளுறையின் காகிதத் துகள் ஒட்டியிருப்பது சாதாரணம்.

பியானோ அலைவதும் அதே போல 1.8 நொடி கணக்கில் இருந்தால் நடுத்துளை சற்றுத் தள்ளி விழுந்திருக்கிறது. டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது இடமும் வலமுமாக ஆடினால் சந்தேகமே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். மேலும் கீழுமாக ஆடினால் தட்டு வளைந்திருக்கிறது. எல்லாத் தட்டிலும் பியானோ அலைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. டிரம்மும் இரைச்சல் கிட்டாரும் இந்தக் குறையை மறைத்துவிடும். தனிப் பியானோ மறைக்காது, அதனால்தான் இந்தப் பாட்டில் மாட்டியது.

இன்னொரு குறை உண்டு. ஒரு பக்கச் சேனலில் துணி கிழிவது போலச் சில சுற்றுகளுக்குக் கேட்கும். அச்சிடும்போது பிளாஸ்டிக், ஊசி ஓடும் பள்ளத்தை முழுதாக நிரப்பாமல் போனதால் வருவது. கழுவினாலும் போகாது. அதையும் திருப்பித் தர வேண்டியதுதான்.

உங்கள் பக்கமும் ஒருமுறை சரிபாருங்கள். ஊசிக் காப்பைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டை (டோன்ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் திருகு) சுழியத்தில் வைத்து, பின்னாலுள்ள எடையைத் திருகி டோன்ஆர்ம் காற்றில் மட்டமாக மிதக்கும்படி செய்யுங்கள். எடையை அசைக்காமல் எண்வளையத்தை மட்டும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய தலைப்பகுதி) சொல்லப்பட்ட அளவில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ என்றால் 2 கிராம், ஏடி3600எல் என்றால் 3 கிராம். ஆன்டி-ஸ்கேட்டை அதே எண்ணில் வையுங்கள். ஊசி தாவுகிறதே என்று பலர் எடையைக் கூட்டுகிறார்கள், சிலர் தட்டு தேயுமென்று குறைக்கிறார்கள். குறைப்பதுதான் அதிக ஆபத்து: ஊசி பள்ளத்தில் நிலையாக உட்காராமல் சுவர்களில் மோதி மோதிப் பாட்டையே சிதைக்கும்.

கேள்வி: 'ரூமர்ஸ்' எல்பியில் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' ஏன் இல்லை? 180 கிராம், கலர், 45 சுழற்சி என்று நான்கைந்து வகை விற்கிறார்கள், எதை எடுப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: இரண்டுக்கும் ஒரே இடத்தில் விடை இருக்கிறது: தட்டின் பரப்பு. ஒரு பக்கத்தில் 18 முதல் 20 நிமிடம் என்றால் பள்ளங்களுக்கு நல்ல இடம் கிடைக்கும். 22ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும். ஒலியளவைக் குறைத்து, அடியொலியையும் கொஞ்சம் வெட்டித்தான் பதிக்க முடியும். ஸ்டீவி நிக்ஸ் எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' நீளமான பாட்டு. அதை எடுத்துவிட்டுச் சிறிய பாட்டொன்றைச் சேர்த்தார்கள். 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் மறுபக்கத்துக்கு அது தள்ளப்பட்டது. பிளாஸ்டிக்கின் கணக்குதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் குழுவில் எவருடைய பாட்டை எடுப்பது என்ற முடிவும் அதில் இருந்தது. நிக்ஸ் அதை நெடுங்காலம் மறக்கவில்லை. பிற்காலச் சிடி பதிப்புகளில் பாட்டு சேர்க்கப்பட்டது.

180 கிராம் என்பது எடை மட்டுமே. தட்டு எளிதில் வளையாது, கைக்குக் கனமாக இருக்கும்; ஒலி கூடாது. ஒரே நிறத் தட்டு கறுப்புக்குக் குறைந்ததல்ல. படம் பதித்த தட்டும் இருட்டில் ஒளிரும் தட்டும் இரைச்சல் அதிகம், அவற்றைச் சுவரில் மாட்டலாம். 45 சுழற்சிப் பதிப்பில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு: ஊசிக்கு அடியில் பள்ளம் வேகமாக ஓடுவதால் உச்ச ஒலிகள் தெளிவாகும், முக்கியமாகத் தட்டின் நடுவை நெருங்கும் கடைசிப் பாட்டில். 'ரூமர்ஸ்' 45 சுழற்சியில் இரண்டு தட்டுகளாக 2011இல் வந்தது. ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியைச் செம்மைப்படுத்தும் வேலை) செய்தது. விலை ஒத்துவந்தால் வாங்கலாம். உங்களிடம் இருப்பது சூட்கேஸ் பிளேயர் என்றால் முதலில் பிளேயரை மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பெண்கள், இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். பேஸ் வாசிக்க ஆள் இல்லை. ஸ்லீட்டர்-கின்னி எப்படிச் சமாளித்தார்கள்? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: காரின் டக்கரும் கேரி பிரவுன்ஸ்டீனும் இரண்டு கிட்டார்களையும் ஒன்றரைப் படி இறக்கி, சி ஷார்ப்பில் சுருதி சேர்த்தார்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசையாகச் சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப். விரல் வைக்கும் வடிவங்கள் மாறாது.

ஆனால் சுருதி இறக்கினால் மட்டும் போதாது. இரண்டு பேரும் ஒரே கார்டை அடித்தால் நடு ஒலிகள் சேறாகிவிடும், அடியும் காலியாகவே இருக்கும். 'டிக் மீ அவுட்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒருவர் தடித்த கம்பிகளில் ஒற்றை ஸ்வரங்களாகப் போகும்போது மற்றவர் மேலே குறுக்கே வெட்டிக்கொண்டு போவார். ஜானெட் வைஸ் டாம்-டாம் டிரம்களை நிறையப் பயன்படுத்தி, பேஸ் இருக்க வேண்டிய இடத்தைக் கனமாக்குவார். உங்கள் டிரம்மரிடமும் ஹை-ஹாட்டை விட்டுவிட்டு ஃப்ளோர் டாமில் தாளத்தை ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

கம்பி விஷயம்: வழக்கமான 10–46 செட் (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) இந்தச் சுருதியில் தொய்ந்து, ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும். 11–54 போல ஒன்று போடுங்கள். தடித்த கம்பி, நட்டின் (கழுத்து உச்சியில் கம்பிகள் தங்கும் துண்டு) வெட்டில் உட்காராமல் சிக்கினால் சுருதி நிற்காது, வெட்டைச் சற்று அகலப்படுத்த வேண்டும். கம்பி மாற்றியதும் இழுவிசை மாறும். ட்ரஸ் ராடையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) இன்டொனேஷனையும் (கழுத்து முழுதும் சுருதி சரியாக இருப்பது) ஒருமுறை சரிசெய்யுங்கள். ஆம்ப்ளிஃபயரில் கெய்னை (ஒலியைக் கரகரப்பாக்கும் பெருக்கம்) குறையுங்கள். இறக்கிய சுருதியில் அதிகக் கெய்ன் வைத்தால் எந்த ஸ்வரம் என்றே புரியாது.

கேள்வி: முழுக்கப் பெண்கள் சேர்ந்த முதல் ராக் குழு ரன்அவேஸ்தானே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. ரன்அவேஸ் தொடங்கியது 1975. ஃபேனி குழு 1970லேயே ரிப்ரைஸ் நிறுவனத்தில் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டது. பெரிய நிறுவனம் ஒன்றில் முழு ஆல்பம் கொண்டுவந்த முதல் பெண்கள் ராக் குழு என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஜூன் மில்லிங்டன் கிட்டார், ஜீன் மில்லிங்டன் பேஸ். சகோதரிகள், மணிலாவில் பிறந்து கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள். ஆலிஸ் டி புர் டிரம்ஸ், நிக்கி பார்க்லி கீபோர்டு. டேவிட் போவி பின்னாளில் வெளிப்படையாகப் பாராட்டியும் இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. 'சாரிட்டி பால்' (1971) ஆல்பத்தில் தொடங்குங்கள்.

இன்னும் பின்னால் போனால் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். ராக் என்ற பெயர் நிலைப்பதற்கு முன்பே, 1940களில், தேவாலயப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைச் சீற வைத்தவர். அவரை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2018இல்தான்.

கேள்வி: பிரீடர்ஸின் 'பாட்' (1990) ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஷானன் டவுட்டன் என்ற பெண் வேறு எதில் வாசித்திருக்கிறார்? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அப்படி ஒரு பெண் இல்லை. ஸ்லின்ட் குழுவின் பிரிட் வால்ஃபோர்ட் அந்தப் பெயரில் ஒளிந்துகொண்டார். உறையின் பின்பக்கமும் சில நேரம் பொய் சொல்லும்.

கேள்வி: ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு மறுபக்கம் பெண்கள் உண்டா? (வாசகி, ஈரோடு)

பதில்: உண்டு, எண்ணிக்கை குறைவு. பிரின்ஸின் எண்பதுகளின் உச்சக் காலத்தில் அவரிடம் ஒலிப்பதிவாளராக இருந்தவர் சூசன் ராஜர்ஸ். டூல் குழுவின் 'அண்டர்டோ' (1993) ஆல்பத்தைத் தயாரித்ததில் சில்வியா மாஸி இருந்தார். பாய்ஜீனியஸ் குழுவின் 'த ரெக்கார்ட்' (2023) ஆல்பத்தை அந்த மூன்று பெண்களோடு சேர்ந்து தயாரித்தவர் கேத்தரின் மார்க்ஸ். மாஸ்டரிங்கில் எமிலி லேசர். பெக்கின் 'கலர்ஸ்' ஆல்பத்துக்காக 2019இல் கிராமி பெற்றார். உறையில் 'புரொடியூஸ்டு', 'என்ஜினியர்டு', 'மிக்ஸ்டு', 'மாஸ்டர்டு' என்று நான்கு வரிகள் இருக்கும். நான்கும் வேறு வேறு வேலை. ஒரு பெயர் பிடித்துப்போனால் அந்தப் பெயரைத் துரத்திக்கொண்டு அடுத்த ஆல்பத்தை வாங்குங்கள். பாடகரின் பெயரைப் பின்தொடர்வதைவிட இது நல்ல தட்டுகளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

கேள்வி: என் மகளுக்குப் 12 வயது, டிரம்ஸ்தான் வேண்டும் என்கிறாள். பெண் பிள்ளைக்கு அந்த பலம் வராது, கீபோர்டு போதும் என்கிறார்கள் வீட்டில். அடுக்குமாடி வேறு. என்ன செய்வது? (வாசகி, சேலம்)

பதில்: டிரம்ஸில் குச்சி தானாக எழும்பும், அதை எழும்ப விடுவதுதான் கலை. பலத்தால் அடிப்பவர்களுக்குத்தான் மணிக்கட்டு வலிக்கும். வீட்டில் அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பின்வாங்காதீர்கள். கார்பென்டர்ஸ் குழுவின் பாடகி கேரன் கார்பென்டர் நல்ல டிரம்மர். குரல் நன்றாக இருக்கிறது என்று வேறொருவரை டிரம்ஸில் உட்காரவைத்து அவரை மேடையின் முன்னால் நிறுத்தினார்கள். பிள்ளைக்குப் பிடித்த வாத்தியத்தை அவளிடமிருந்து நகர்த்துவது இப்படித்தான் அன்பாகவே நடக்கிறது.

முழு செட் இப்போது வேண்டாம். 12 அங்குல ரப்பர் பிராக்டிஸ் பேட், ஒரு ஸ்டாண்டு, ஒரு ஜோடி குச்சி, கைபேசியில் மெட்ரோனோம். குச்சி 7ஏ வாங்குங்கள், 5ஏ அவள் கைக்குச் சற்றுத் தடிப்பாக இருக்கும். கடைத் தரையில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைந்த குச்சி. பின்முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் பிடிக்க வேண்டும். மற்ற விரல்கள் சுற்றியிருந்தால் போதும், இறுக்கக் கூடாது.

முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 நிமிடம். மெட்ரோனோமை 60இல் வைத்து, வலது இடது என்று ஒற்றையடி ஐந்து நிமிடம். வலது வலது இடது இடது என்று இரட்டையடி ஐந்து நிமிடம். பிறகு பாரடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இரண்டு கையின் சத்தமும் ஒன்றுபோல இல்லாதவரை வேகத்தைக் கூட்டக் கூடாது. பெரும்பாலும் இடது கை மெலிந்து கேட்கும். இடது கையிலிருந்து தொடங்கும்படி பயிற்சியைத் திருப்பிப் போடுங்கள்.

ஆர்வம் நிலைத்தால் மெஷ் தலை (வலைத் துணியாலான அடிக்கும் பரப்பு) உள்ள எலெக்ட்ரானிக் செட்டுக்குப் போகலாம். ஹெட்ஃபோன் போட்டால் சத்தம் வராது என்று கடையில் சொல்வார்கள். ஆனால் கிக் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைக் குழிவெட்டி உட்காரவைத்து, அதன்மேல் செட்டை வைத்தால் பெரும்பகுதி அடங்கும். தோல் டிரம்ஸில் வாசிக்கும்போது காதடைப்பான் கட்டாயம். தேர்வு எழுதும் வழியும் வேண்டுமென்றால் டிரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் தேர்வுகளில் டிரம்ஸ் இருக்கிறது. தொடக்க நிலையிலிருந்து எட்டாம் கிரேடு வரை.

கேள்வி: சின்னக் குழுக்களின் புது ஆல்பங்கள் இங்கே கடைகளில் வருவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை இரண்டு மடங்காகிறது. வழி உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: குழுக்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளத்தில் குழுவின் சொந்தப் பக்கத்தில் தேடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் பொதுவாக 15 விழுக்காடும், தட்டு, சட்டை போன்றவற்றில் 10 விழுக்காடும் எடுக்கும். பேண்ட்கேம்ப் வெள்ளி என்று அறிவிக்கும் நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும். ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் முறை கேட்பதைவிட ஒருமுறை ஃப்ளாக் கோப்பை வாங்குவது குழுவுக்கு நிஜமான உதவி.

தட்டுதான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் வரவழைக்காதீர்கள், அனுப்பும் செலவு தட்டின் விலையையே தொட்டுவிடும். நண்பர்களோடு சேர்ந்து மூன்று நான்கை ஒரே பொட்டலமாக எடுங்கள். சுங்கவரியும் ஜிஎஸ்டியும் தட்டின் விலைக்கு மட்டுமல்லாமல் அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்காகும். கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தையும் சேர்க்கும். "பரிசு என்று எழுதி அனுப்புங்கள்" என்று விற்பவரைக் கேட்க வேண்டாம். அது பொய் அறிவிப்பு, பொட்டலம் மாட்டினால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

பழைய தட்டு என்றால், தட்டை வெளியுறையிலிருந்து எடுத்து அதன் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் வழியில் குலுங்கி உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்து சேரும். பழைய தட்டின் தரக்குறியீட்டில் விஜி பிளஸ் (VG+, விஜிக்கு ஒரு படி மேல்) என்பதற்குக் கீழே வாங்காதீர்கள். விஜி என்று மட்டும் போட்டிருந்தால் அமைதியான இடங்களில் சடசடப்பு நிச்சயம்.

கேள்வி: கடற்கரை ஊர். தட்டுகளில் வெள்ளைப் பூசணம் பிடிக்கிறது. (வாசகர், தூத்துக்குடி)

பதில்: டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் ஓடும் திசையிலேயே துடைக்கவும். குறுக்கே தேய்க்கக் கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடைத்து நிழலில் நிறுத்தி உலரவிடுங்கள். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்திலேயே காய்ந்து உட்காரும். பழைய 78 சுழற்சித் தட்டு அரக்கால் ஆனது; அதில் ஆல்கஹால் படவே கூடாது.

பூசணம் தட்டில் வருவதைவிடக் காகித உள்ளுறையில் அதிகம் வரும். பூத்த உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாலிதீன் உறைக்கு மாற்றுங்கள். பிவிசி வெளியுறைகளையும் தவிருங்கள். நாளடைவில் தட்டில் பனி படர்ந்தது போலக் கறை விடும், அது போகாது. தட்டுகளைச் செங்குத்தாக, சாயாமல், வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். நூறு தட்டு 25 முதல் 30 கிலோ வரும், அலமாரியின் பலகை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெட் லெக் குழுவின் புது ஆல்பத்தை எல்பியாக வாங்கினேன். பிளாஸ்டிக் மேலுறையைப் பிரிக்காமல் வைத்தால் பின்னால் விலை ஏறும் என்கிறார் நண்பர். (வாசகர், வேலூர்)

பதில்: பிரியுங்கள். அந்த மேலுறை நம் ஊர் வெயிலில் சுருங்கி அட்டையை வளைக்கும், உள்ளே தட்டும் வளையும். அதைவிட முக்கியம், பிரிக்காத தட்டில் குறை இருந்தால் தெரியாது. பிரிப்பதைத் தொடர்ச்சியாக ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள், திருப்பித் தரும்போது கடைகள் கேட்கின்றன. வாங்கிய வாரத்திலேயே இரண்டு பக்கத்தையும் முழுதாகப் போட்டுக் கேளுங்கள். மாற்றித் தரும் கெடு பல கடைகளில் ஏழு நாளோ பத்து நாளோதான்.